ஊருணியில் மட்டி நட்ட ஒச்சாயி

கப்பலூருக்கு மேற்கே நாலு மைல் நடந்தால் செங்குளத்துப்பட்டி. அந்த ஊருக்கு ஒச்சாயி வாக்கப்பட்டு வந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. அத்தனை வருஷமும் அவள் வாய்க்குப் பயந்துதான் ஊரில் பாதிப்பேர் காலையில் முகம் கழுவினார்கள் என்று அவள் புருஷன் மொக்கையனே சொல்வான். சொல்லிவிட்டு நாலு பக்கமும் பார்த்துக்கொள்வான்.

அவளுக்கு எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். செம்பைச் சாம்பல் போட்டு மூன்று தடவை விளக்குவாள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு தடவை விளக்கிக் கவிழ்த்தால், போகிற போக்கில் அதையும் எடுத்து விளக்கிவிட்டு, "இதுல ஒழக்குப் புளி ஒட்டியிருக்கு, கொழம்பே வச்சிரலாம்" என்று சொல்லிவிட்டுப் போவாள். எல்லாவற்றுக்கும் மேலே குடிதண்ணீர். ஊருணியில் காலை நனைக்கிறவன், மாட்டை இறக்குகிறவன், வெற்றிலைச் சாற்றைத் துப்புகிறவன் எவனும் அவள் கண்ணுக்குத் தப்ப முடியாது. ஊருணித் தண்ணீரும் அதற்குத் தக்கபடி இருந்தது. இடுப்பளவு ஆழத்தில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம். வெளியூரில் போய்த் தண்ணீர் குடித்தால் ஒச்சாயி முகத்தைச் சுளிப்பாள். சோழவந்தான் பக்கம் வாக்கப்பட்ட அவள் நாத்தனார் சீனியம்மாள், ஆற்றுத் தண்ணீர்ப் பெருமை பேசும்போதெல்லாம், "மதினி, ஆத்துல எத்தனை ஊரு குளிச்சிட்டு விடுது? எங்க ஊருணியில ஒரு காக்கா குளிக்க முடியாது" என்பாள்.

அந்த ஊருணிப் படியில் கீழத்தெரு ஆட்கள் இறங்கக் கூடாது. வயலில் கூலிவேலை பார்க்கிறவர்கள் அவர்கள். கண்மாய்க் கரைக்குக் கீழே ஒரு குழி தோண்டி அதில்தான் தண்ணீர் எடுத்துக்கொண்டார்கள். அதைப் பற்றி ஒச்சாயி ஒருநாளும் யோசித்ததில்லை. அவள் மாமியார் யோசித்ததில்லை, ஊரே யோசித்ததில்லை.

முப்பத்தாறாம் வருஷம் சித்திரையில் ஊருணி வற்றி முழங்காலுக்கு வந்தது. படி இறங்கிக் குடத்தை முக்கப் போனவள் காலில் ஒரு மட்டி கீறிவிட்டது. மட்டி என்றால் நம் அடுப்படியில் சோற்றுப் பானையின் அடியைச் சுரண்டக் கிடக்குமே, அந்தச் சிப்பிதான். ஓட்டின் நடுவில் கல்லில் தேய்த்து ஓட்டை போட்டால் மாங்காய்த் தோல் சீவ அதைவிட நல்ல சாமான் கிடையாது. ஆனால் உயிரோடு சேற்றில் செங்குத்தாக நிற்கும்போது அதன் விளிம்பு அரிவாள்மணை மாதிரி. ஒச்சாயியின் குதிகால் இரண்டு விரற்கடை கிழிந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டுக்கொண்டு பதினைந்து நாள் நொண்டினாள். நொண்டிக்கொண்டே மந்தைக்குப் போனாள். அங்கே அம்பலக்காரர் விருமாண்டி ஊர்க்கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஊருணியத் தூர் வாரணும்" என்றாள். "ஒரு மட்டி இருக்கக் கூடாது. குடிக்கிற தண்ணிக்குள்ள அம்புட்டு மட்டி கெடக்கே, அது திங்குறதும் பேளுறதும் எங்க? நம்ம குடத்துலதான?"

அப்படி யாரும் அதுவரை நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்த பிறகு யாருக்கும் தண்ணீர் இறங்கவில்லை. மறுநாளே வீட்டுக்கு ஒரு ஆள், மண்வெட்டி, கூடை என்று இறங்கிவிட்டார்கள். ஒச்சாயி கரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு ஏவினாள். சேறு அத்தனையும் வழித்து, சரளை தெரிய, வீட்டுத் தரையைப் பெருக்கின மாதிரி பெருக்கச் சொன்னாள். கரையில் மட்டி ஆள் உயரத்துக்குக் குவிந்தது. நாலு நாள் வெயிலில் நாறியது.

ஐந்தாம் நாள் மதுரையில் சுண்ணாம்புக் காளவாசலுக்குச் சிப்பி ஏற்றும் சோணைமுத்து மூன்று வண்டியோடு வந்தான். சிப்பிக்குப் பதிலாக நீற்றின சுண்ணாம்பு தருகிறேன் என்றான். அந்தச் சுண்ணாம்பை மந்தைக் கோயிலுக்கும் ஊருணிக் கைபிடிச் சுவருக்கும் அடித்தார்கள். மிச்சத்தை ஒச்சாயி தன் வீட்டுக்கு அடித்துக்கொண்டாள். அவள் மகள் ஜெயக்கொடியைச் சீனியம்மாள் மகனுக்குப் பேசியிருந்தது. மாசியில் கல்யாணம். வீடு புதுவேட்டி கட்டின மாதிரி நின்றது.

"அடுத்த சித்திரைக்குக் கண்மாயிலயும் அள்ளிக்கிறேன் அம்பலகாரரே. அங்க இதப்போல அம்பது வண்டி தேறும்" என்று சோணைமுத்து கேட்டுவிட்டுப் போனான். விருமாண்டியும் தலையை ஆட்டிவைத்தார்.

ஐப்பசி மழையில் ஊருணி நிரம்பியது. பதினைந்து நாள் ஒச்சாயி நடந்த நடையைப் பார்க்க வேண்டும். ஊருணியை அவள் பெற்றுப்போட்ட மாதிரி இருந்தது. கார்த்திகை பிறந்ததும் தண்ணீர் லேசாகப் பச்சை பூத்தது. கார்த்திகை முடியும்போது பாசிப்பயறு அரைத்துக் கரைத்த மாதிரி ஆகிவிட்டது. வடித்த சோற்றில் குளத்து வாடை. தேத்தாங்கொட்டையை உரசிப் பார்த்தாள். படிகாரம் போட்டாள். மண் கலங்கல் என்றால் அடியில் படிந்துவிடும், இந்தப் பச்சை எதற்கும் அசையவில்லை. மூன்றாய் மடித்த சேலையில் வடிகட்டினால் சேலைதான் பச்சையானது.

நிச்சயம் பேச வந்த சீனியம்மாள் செம்பை வாங்கி ஒரு வாய் குடித்தாள். மெதுவாக முற்றத்து ஓரம் போய்த் துப்பினாள்.

"ஏன் ஒச்சாயி, தண்ணிக்குள்ள கீரையாக் கடைஞ்சு வச்சிருக்க?"

ஒச்சாயி தலையைக் குனிந்துகொண்டு செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் மொக்கையன் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. அவன் கொஞ்சம் பயந்துபோனான்.

"நீ ஒண்ணும் வெசனப்படாத" என்றாள் சீனியம்மாள். அவள் குரலில் அப்படி ஒரு கருணை. "கல்யாணத்துக்கு நாங்களே நாலு வண்டி ஆத்துத் தண்ணி கொண்டாந்துருவோம். சம்பந்தம்னு ஆயிருச்சு, இதெல்லாம் பாத்தா முடியுமா?"

"வண்டியெல்லாம் வேணாம் மதினி. மாசியில இந்தத் தண்ணியிலதான் ஒலை வைப்பேன். நீங்க வந்து குடிங்க" என்று சொல்லிவிட்டாள் ஒச்சாயி. சொன்ன பிறகு ராத்தூக்கம் போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் தண்ணீரைச் சுமந்துகொண்டு வந்து பெண் கட்டினார்கள் என்று ஊர் பேசினால், ஜெயக்கொடி அந்த வீட்டில் ஆயுசுக்கும் தலைகுனிந்துதான் தண்ணீர் மொள்ள வேண்டும்.

மார்கழியில் களை எடுப்பு. கீழத்தெருப் பெண்கள் பத்துப்பேர் ஒச்சாயி வயலில் இறங்கியிருந்தார்கள். அவர்களுக்கு முன்னத்தி ஆள் ராமக்காள். கறுத்து ஒல்லியாக இருப்பாள், கண்ணுச்சாமி பெண்சாதி. வரப்பில் அவர்கள் மண்குடம் இருந்தது. ஒச்சாயி கஞ்சிக் கலயத்தை வைக்கக் குனிந்தவள் குடத்துக்குள் பார்த்தாள். குடத்தின் அடி தெரிந்தது. அடியில் குயவன் விரல் பதிந்த வளையம்கூடத் தெரிந்தது.

"ஏத்தா ராமக்கா, இது எங்குட்டுத் தண்ணி?"

"எங்க குழித் தண்ணிதான் ஆத்தா. வேற எங்குட்டு எடுக்க விடுவாக எங்கள?"

"என்னத்தப் போட்டுத் தெளிய வச்சீக?"

"நாங்க எங்க போட்டோம். மட்டி கெடக்கு, அது குடிச்சுக் குடிச்சுத் தெளிய வைக்குது. கண்மாய்ல பிடிச்சுத் திங்கைல கட்டைவெரல விடச் சின்னதா இருந்தா குழியில கொண்டாந்து நட்டுருவோம். பெருசுதான் சட்டிக்கு." ராமக்காள் களையைச் சுருட்டி வரப்பில் எறிந்தாள். பிறகு, யாருக்கோ சொல்கிற மாதிரி, "மட்டிய அள்ளிச் சுண்ணாம்பாக்கிச் செவுத்துக்கு அடிச்சா, செவுருதான் வெளுக்கும்" என்றாள்.

மற்ற பெண்கள் குனிந்த தலை நிமிராமல் சிரித்தார்கள். ஒன்பது முதுகும் குலுங்கின.

ஒச்சாயி வீட்டுக்கு வந்து யோசித்தாள். அடுப்படியில் துணி போட்டுக் கழுவிக் கழுவி, கடைசியில் துணியையே தூக்கி அடுப்பில் போட்ட கதை ஆகிவிட்டது தன் கதை என்று புரிந்தது. ஆனால் புரிந்ததை ஒப்புக்கொள்ள அவளுக்கு எப்போதும் இரண்டு நாள் ஆகும். அதுவும் கூலிக்காரியிடம் போய்க் கேட்பதாவது. ராமக்காளுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாதா என்று மொக்கையனைக் கண்மாய்க்கு விரட்டினாள். அவன் இரண்டு கூடை மட்டி அள்ளிவந்தான். அதை ஒரு நாள் முழுக்கத் தொழுவத்தில் போட்டுவைத்து, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, பொழுது சாய யாரும் இல்லாத நேரம் பார்த்து ஊருணியில் கொட்டினாள்.

சாம்பல் போட்டுத்தான். குடிதண்ணீரில் அழுக்கு மட்டியைப் போடுவாளா அவள்?

மூன்றாம் நாள் மட்டியெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு மிதந்தது. ஊருணி பச்சையாகவும் இருந்தது, நாறவும் நாறியது. மந்தையில் விருமாண்டி மூக்கைப் பொத்திக்கொண்டு, "எந்தப் பய வேல இது?" என்று கேட்டார். மொக்கையன் வானத்தைப் பார்த்தான்.

மறுநாள் காலையில் ஒச்சாயி கீழத்தெருவுக்குள் நடந்தாள். அவள் தெருவுக்குள் வருவதைப் பார்த்துக் கோழிகூட ஒதுங்கியது. வேலைக்குக் கூப்பிட வேண்டுமென்றால் தெரு முனையில் நின்று சத்தம் கொடுப்பதுதான் வழக்கம், யாரும் வாசல் வரை வருவதில்லை. ராமக்காள் உரலை விட்டு எழுந்தாள்.

"என்ன ஆத்தா, இம்புட்டுத் தூரம்?"

"ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும். அதுக்கு முந்தி ஒரு செம்பு தண்ணி குடு. நடந்து வந்ததுல நாக்கு ஒட்டுது."

ராமக்காள் அசையவில்லை. "எங்க செம்புலயா?"

"பின்ன, நான் வீட்ல இருந்து செம்ப இடுப்புல கட்டிக்கிட்டா வந்தேன்?"

"தெரிஞ்சா ஊர்ல பேசுவாக ஆத்தா."

"தொண்டைக்குள்ள போனத எட்டிப் பாக்கவா போறாக? குடு."

குடித்தாள். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் செம்பைப் பார்த்தாள். விளக்கினது போதாது என்று வாய்வரை வந்ததை முழுங்கிக்கொண்டாள். ஒன்றரை மாசத்துக்குப் பிறகு தண்ணீர் தண்ணீராக இருந்தது.

"நான் கொண்டுபோய்ப் போட்ட மட்டி ஏன் செத்துச்சு?"

ராமக்காள் கேட்டாள்: எத்தனை நேரம் தண்ணீருக்கு வெளியே கிடந்தது? எதில் கழுவியது? எங்கே போட்டது? சாம்பல் என்றதும் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"மட்டியச் செம்புன்னு நெனச்சுட்டீகளா ஆத்தா. சரி, சாம்பல விடுங்க. அது நிக்கிறதுக்குச் சேறு வேணும். நீங்கதான் சரளை தெரிய வழிச்சுப்புட்டீகளே. அம்மிக்கல்லு மேல நாத்து நட்டா வேரு பிடிக்குமா? கண்மாய்ச் சேறு ஒரு சாணுக்குப் பரப்பணும். மட்டியத் தண்ணியோட குடத்துலயே கொண்டாந்து, வாய் மேல இருக்க, பாதி புதைய, ஒண்ணொண்ணா நடணும். ஆயிரம் ரெண்டாயிரம் வேணும். நாங்க பத்துப்பேரு எறங்குனா நாலு நாளு."

"அப்ப எறங்குங்க. கூலி தாரேன்."

"கூலி வேணாம் ஆத்தா." ராமக்காள் உலக்கையைச் சுவரில் சாத்தினாள். அவள் குரல் ஏறவுமில்லை இறங்கவுமில்லை. "ரெண்டு சேதி இருக்கு. சித்திரைக்கு அந்தச் சுண்ணாம்பு வண்டி கண்மாய்க்கு வரக் கூடாது. அங்க வழிச்சுட்டாகன்னா எங்க குழியும் நாறும், சட்டியும் காயும். இன்னொண்ணு, எங்க கை நட்ட தண்ணிய எங்க குடமும் மொள்ளணும். கெழக்குப் படியில."

சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசி ஒருநாளும் தோற்காதவள் ஒச்சாயி. இது பேரம் பேசுகிற சமாசாரம் இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது. நட ஆள் வேண்டும், அந்த ஆள் தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கின கால் நாளைக்கு மட்டும் என்ன தீட்டு?

"கெழக்குப் படி வழுக்கும்" என்றாள். "கைபிடிச் செவுரு கட்டின மிச்சக் கல்லு கெடக்கு. ரெண்டு கல்லு போடச் சொல்றேன்."

மந்தையில் விருமாண்டி குதித்தார். ஊர்க் கட்டுப்பாடு என்றார், சாமிக் குத்தம் என்றார்.

"அண்ணே, இப்ப எங்குட்டுத் தண்ணி குடிக்கிறீக?" என்று கேட்டாள் ஒச்சாயி.

"வடக்குக் கெணத்துல."

"உப்பு. உங்க வீட்டு மதினி பருப்பு வேக மாட்டேங்குதுன்னு விடியக்கால இருந்து அழுகுறா. ஊருணித் தண்ணிய நம்ம இத்தனை வருஷமும் சுத்தமாக் காத்தோம்னு நெனச்சுக்கிட்டிருந்தோம். காத்தது மட்டி. அத வழிக்கச் சொன்னது நானு, எம்மேல குத்தம். திருப்பி நடத் தெரிஞ்சது அவளுக. வேற யாருக்காவது தெரியும்னா சொல்லுங்க, இப்பவே எறக்கிவிடுறேன். உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

விருமாண்டிக்குத் தெரியாது. கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. ஒச்சாயி இருக்கும் வடக்குத் தெருவின் பெண்கள் பின்னால் வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் குடங்களைப் பார்த்தே பாதிப்பேர் வாயை மூடிக்கொண்டார்கள். மிச்சப் பாதிப்பேர் முணுமுணுத்தார்கள். மூன்று குடும்பம் இனி ஊருணிப் பக்கமே வர மாட்டோம் என்று எழுந்து போனது. சோணைமுத்துக்குக் கண்மாய் கிடையாது என்று விருமாண்டியே ஆள் சொல்லி அனுப்பினார். அதுதான் அவருக்குச் சுலபமாக இருந்தது.

நாலு நாளும் ஒச்சாயி கரையிலேயே இருந்தாள். ஏவ முடியவில்லை, ஏவுவதற்கு ஒன்றும் தெரியாது. கீழத்தெருப் பெண்கள் கண்மாய் ஓரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து, கால்விரலால் தடவியே மட்டியைக் கண்டுபிடித்தார்கள். நிற்கிற பத்தில் மூன்றைத்தான் எடுத்தார்கள், ஏழை அங்கேயே விட்டார்கள். அதற்கே குடம் குடமாக வந்தது. கரையோரம் முழங்கால் தண்ணீரில் சேற்றைப் பரப்பி, நாற்று நடுகிற மாதிரியே வரிசையாக, பின்னால் நகர்ந்து நகர்ந்து நட்டார்கள். நடுகைப் பாட்டும் பாடினார்கள். அதில் சாம்பல் போட்டு மட்டி விளக்கின ஒருத்தியைப் பற்றி நாலு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது. ஒச்சாயி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"ரெண்டாவது வரி சரியில்ல" என்றாள். "நான் ரெண்டு தடவைதான் விளக்குனேன், மூணு இல்ல."

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் சேலையைச் செருகிக்கொண்டு அவளும் இறங்கினாள். அவள் நட்டது கோணலாக நின்றது. ராமக்காள் பின்னாலேயே வந்து நிமிர்த்திவைத்தாள்.

தை முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. தினமும் காலையில் ஒச்சாயி படியில் நின்று தண்ணீருக்குள் கையை விட்டுப் பார்ப்பாள். முதலில் மணிக்கட்டு வரைதான் தெரிந்தது. சீனியம்மாள் ஆள் அனுப்பி, வண்டிக்குச் சொல்லிவைக்கவா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள் ஒச்சாயி. மொக்கையன் மட்டும் சத்தமில்லாமல் இரண்டு வண்டிக்காரனைப் பார்த்து வைத்தான், அவள் கண்டுபிடித்து அவனுக்கு இரண்டு நாள் குழம்பில் உப்புப் போடவில்லை. தை கடைசியில் முழங்கை தெரிந்தது. மாசி பிறந்து பத்தாம் நாள், படியில் நின்று குனிந்தவளுக்குத் தன் கால்விரல் மெட்டி தெரிந்தது. நட்ட வரிசை தெரிந்தது. கோணல் வரிசை ஒன்றும் தெரிந்தது.

பழைய கண்ணாடித் தெளிவு இன்னும் வரவில்லைதான். ஆனால் வாடை போய்விட்டது.

கல்யாணத்தன்று விடியும் முன்னே ஊருணியில் கூட்டம். மேற்குப் படியில் வடக்குத் தெரு, கிழக்குப் படியில் கீழத்தெரு. கல்யாணச் சமையலுக்கு ஒச்சாயி ஊருணித் தண்ணீரில்தான் உலை வைத்தாள். ஐந்து கிடாய் வெட்டியிருந்தது. சமையல்காரன் பால்பாண்டி மிளகாயைக் கணக்கில்லாமல் அரைப்பவன். முதல் பந்தி பாதியில் இருக்கும்போதே மாப்பிள்ளை வீட்டாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சீனியம்மாள் செம்பை வாங்கினாள். பந்தி மொத்தமும் அவளைப் பார்த்தது. ஒரு மடக்குக் குடித்தாள். நிறுத்தினாள். பிறகு செம்பு காலியாகும்வரை இறக்கவில்லை.

அப்போது பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருத்தர், ஊருணிப் பக்கம் கையைக் காட்டி, "ஆமா, கெழக்குப் படியில நிக்கிறது யாரு? காட்டு வேல பாக்குற ஆளுக மாதிரில இருக்கு. அவுகளும் இதுலதான் மொள்றாகளா?" என்று கேட்டார்.

ஒச்சாயி கரண்டியும் கையுமாக நின்றாள். ஜெயக்கொடி மணையில் இருந்தபடியே தாயைப் பார்த்தாள். மொக்கையன் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தான்.

"ஆமா. இந்தத் தண்ணிய ஆக்குனவளுகளே அவளுகதான்" என்றாள் ஒச்சாயி. "அந்தா நடுவுல நிக்கிறாளே, அவ ராமக்கா. அவ வந்து நடலைன்னா இன்னைக்கு உங்களுக்குக் கீரைத் தண்ணிதான். வேணாம்னா வடக்க உப்புக் கெணறு இருக்கு. நடந்து போயிட்டு வாங்க, கறி ஆறாம மூடி வைக்கிறேன்."

சித்தப்பா இலையைப் பார்த்தார். கறி சிவப்பாகக் கிடந்தது. அவர் நெற்றியில் வேர்வை புருவம்வரை இறங்கியிருந்தது. சீனியம்மாளைப் பார்த்தார். அவள் வெறும் செம்பை ஒச்சாயியிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னத்த யோசிக்கிறீக கொழுந்தனாரே" என்றாள் சீனியம்மாள். "எங்க ஆத்துல எத்தனை ஊரு எறங்குதுன்னு எண்ணியா குடிச்சோம்? ஒச்சாயி, இன்னொரு செம்பு ஊத்து. அவருக்கும் சேத்து ஊத்து."

ஒச்சாயி இரண்டு செம்பிலும் தளும்பத் தளும்ப ஊற்றினாள். அவர் அண்ணாந்து குடித்து முடிக்கும்வரை நகராமல் நின்று பார்த்துவிட்டு, அடுத்த இலைக்குக் கறி வைக்கப் போனாள்.